ஆரார் எண்டு எழுது

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் காலமானார் என்று எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் யாரோ போட்டதும் ஐந்து நிமிடத்துக்குள் வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்துவிட்டன. நான் ஒன்றும் போடவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன், நல்ல குளிர், கையுறையைக் கழற்றிவிட்டு முதலில் மட்டக்களப்பில் அவர் வீட்டுக்குத்தான் எடுத்தேன். கேட்காமல் எதையும் போடாதே என்று என்னைப் பழக்கியவர் அவர். 2025 மார்கழியோடு மட்டக்களப்பின் தமிழ் எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் ஐயா சுடப்பட்டும் 20 வருடம். இந்த இரண்டு பேரையும் என்னால் பிரித்து நினைக்க முடியாது, அதனால் எங்கள் பழைய மாணவர் மலருக்குச் சேர்த்தே எழுதுகிறேன்.

வன்னியில், மல்லாவியில் எங்கள் பின்னேரப் பள்ளிக்கூடத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1997, இராணுவம் வன்னிக்குள் ஜயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கிய வருடம், தறப்பாள் கொட்டிலும் பாலைமரத்தடியும். எல்லாரும் அவரை மட்டக்களப்புச் சேர் என்றுதான் சொல்வோம். ஆசிரிய நியமனத்தில் வன்னிக்கு வந்து, அங்கேயே கலியாணம் முடித்து, பாதை பூட்டியதும் ஊருக்குப் போக முடியாமல் நின்றுவிட்டவர். தமிழ்ப் பாடத்துக்கு வந்தால் முதல் பத்து நிமிடம் பேப்பர்தான். வீரகேசரி நாலு நாள், சிலவேளை ஒரு கிழமை பிந்தி வரும், யாரோ சாமானுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. வாசித்து முடிந்ததும் வெட்டி, பழைய கணக்குக் கொப்பியில் ஒட்டுவார். பசை இல்லாத காலம், விளாம்பிசினைச் சிரட்டையில் ஊறவைத்து விரலால் தடவுவார். அவருடைய சுட்டுவிரல் நகத்துக்குள் எப்போதும் அந்தப் பிசின் காய்ந்து மஞ்சளாக இருக்கும்.

அந்தக் கொப்பியில் பாதிக்கு மேல் ஜோசப் ஐயாதான். சேர் எங்களுக்கு அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். 1934இல் மட்டக்களப்பில் பிறந்தவர். படவரைஞராக அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே பத்திரிகைக்கு எழுதியவர், மனைவியின் பெயரை முன்னுக்கு வைத்துச் சுகுணம் ஜோசப் என்ற பெயரில். ‘ஊர் ஊராப் போய்ப் பழகின ஆள் மனே, அதுக்குப் பிறகுதான் பாராளுமன்றம்’ என்பார். 1990 மே மாதம் கொழும்பில் மட்டக்களப்பு எம்.பி. சாம் தம்பிமுத்து கொல்லப்பட்டார், அந்த வெற்றிடத்துக்குத்தான் ஜோசப் ஐயா உள்ளே போனார். சேர் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். கொல்லப்பட்ட ஒருவரின் கதிரையில் போய் இருக்கிற தைரியத்தை 15 வயதில் எங்களுக்கு விளங்கவில்லை. 1994இல் மக்கள் வாக்கோடு மறுபடி போனார். கிழக்கில் நடந்த கொலைகளையும் காணாமல் போனவர்களையும் பற்றி விடாமல் பேசினார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்ட இரவுகளில் அவருடைய குரல் வந்தால் சேர் கையைத் தூக்குவார், ஒருவரும் மூச்சு விடக்கூடாது.

இனி என் விஷயம். எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான்தான் செய்தி எழுதினேன். ஒருநாள் பக்கத்து ஊரில் கிபிர் விமானம் குண்டு போட்டது. சங்கக்கடை வரிசையில் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டு, இறந்தவர்கள் பதினைந்து பேர் என்று எழுதி, தெரிந்த ஐந்து பெயரையும் போட்டு, பலகையில் குத்திவிட்டேன். அந்த ஐந்தில் ஒருவர் சாகவில்லை. அவருடைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஏழாம் வகுப்பு. அவள் பலகைக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டுக் கத்திய கத்தல் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

அடுத்த நாள் பிரார்த்தனையில் சேர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். அடிக்கவில்லை. ‘பதினைந்து பேரிர பேரையும் சொல்லு’ என்றார். நாலு சொன்னேன். ‘மிச்சம்?’ என்றார். நான் நிற்கிறேன், முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பிள்ளையும் நிற்கிறாள். மூன்று தரம் கேட்டார். அப்புறம் தன் சைக்கிளைத் தந்து, முதலில் அவள் தாயிடம் போய் மன்னிப்புக் கேள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ, பிறகு அந்த ஊருக்குப் போ என்று அனுப்பினார். பொழுதுபட்டுத்தான் திரும்பி வந்தேன். ஏழு பேர். ஏழு பெயர், வயது, யாருடைய பிள்ளை. சேர் விளக்கடியில் வாசித்துவிட்டுச் சொன்னார்:

‘எத்தின பேர் எண்டு எழுதுறது சுகம். ஆரார் எண்டு எழுது மனே.’

சேருடைய ஊர் மட்டக்களப்பில் படுவான்கரை. 1991 யூன் 12 மகிழடித்தீவில் இராணுவம் சனத்தைக் கொன்றபோது அவருடைய சொந்தக்காரரும் அதில் போனார்கள். எத்தனை பேர் என்பதற்கு அதன்பிறகு இடத்துக்கொரு கணக்கு வந்தது. அதையெல்லாம் வன்னியில் இருந்து பேப்பரில் வாசித்த மனுசன் என்பது எனக்கு அந்த இரவுதான் தெரியும்.

2002இல் வன்னிக்கூடாகப் போகும் ஏ9 பாதை திறந்தது. இப்போதுதான் எழுத ஆட்கள் வேண்டும், ஏதாவது பத்திரிகையில் போய்ச் சேர் என்று சேர் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு 2003இல் கனடாவுக்கு வந்துவிட்டேன். அவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. என்ன முகத்தோடு போவது?

பிறகு நடந்ததெல்லாம் இங்கிருந்து கேட்டதுதான். 2004 மேயில் மட்டக்களப்பில் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசனைச் சுட்டார்கள். 2005 ஏப்ரலில் இன்னொரு ஊடகவியலாளர் தராகி சிவராமைக் கடத்திக் கொன்று பாராளுமன்றத்துக்குக் கிட்டப் போட்டார்கள். ஜோசப் ஐயா, புலிகளிடமிருந்து கருணா பிரிந்த கிழக்குப் பிளவுக்குள் நடந்த 2004 தேர்தலில் தோற்று, தேசியப் பட்டியலில் திரும்பவும் பாராளுமன்றம் போயிருந்தார். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே அவரைச் சுட்டார்கள். சுகுணம் அம்மாவும் காயப்பட்டார். இங்கே அப்போது 24ஆம் திகதி பின்னேரம், நான் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். சேருக்கு எடுக்க வேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. அந்தக் கொலை வழக்கும் 2021 தையில் கைவிடப்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

அன்றைக்கு பஸ் தரிப்பில் நின்று எடுத்தபோது சேருடைய மகள்தான் கதைத்தா. உண்மைதான் என்றா. கொப்பிகளைக் கேட்டேன். கடைசிச் சண்டையில் யூரியா பையில் கட்டி மாத்தளன் வரைக்கும் அப்பா சுமந்தவர், பங்கருக்குள் தண்ணி வந்து எல்லாம் ஊறிப்போச்சு என்றா. பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அண்ணா, மரண அறிவித்தல் எழுத ஒருத்தரும் இல்லை, நீங்கள் எழுதித் தருவீங்களா? அப்பா உங்களைத்தான் எழுதுறவர் எண்டு சொல்லுறவர்’ என்றா.

பஸ் வந்தது, ஏறவில்லை. கூடப் பிறந்தவர்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குறில் நெடில் கேட்டு, திருப்பி வாசித்துக் காட்டி, எழுதினேன். வன்னியை விட்டு வந்தபிறகு நான் எழுதிய முதல் செய்தி அதுதான்.