எழுதிக் காட்டுங்கப்பா

சின்னவளிடம் ஒரு ரகசியம் சொல்லக் காதருகே குனிந்தேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாத ரகசியம். முதல் வார்த்தை முடிவதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எழுதிக் காட்டுங்கப்பா."

இரண்டு வேளையும் பல் தேய்க்கிற ஆளய்யா நான்! தேய்க்கிற வெறியில் பிரஷ் ஒரே மாசத்தில் துடைப்பமாகிவிடும். உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதாம், சொந்த வாடைக்கு மூக்கு பழகிப்போகுமாம். மணிக்கட்டை நக்கி, காயவிட்டு மோந்து பார்க்கச் சொன்னான் தம்பி. அதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் ஆபீஸ் லிஃப்ட். கதவு திறந்தால் எதிரே மேனேஜர். அன்றிலிருந்து அவர் எனக்குக் கை கொடுப்பதில்லை.

எனக்கு வயிற்றின் மேல்தான் சந்தேகம். பல் டாக்டர் வயிற்றைச் சட்டையே செய்யவில்லை. பெரும்பாலும் குற்றவாளி வாய்க்குள்ளேயேதான் இருப்பானாம். "நாக்கை நீட்டுங்க." நீட்டினேன். "இன்னும்." வேரோடு கேட்கிறாரோ என்று பயந்துபோனேன். நாக்கின் பின்பக்கம் வெள்ளைப் படலம். அங்கே காற்றுப் படாமல் குடித்தனம் நடத்தும் பாக்டீரியா, புரதத்தைத் தின்றுவிட்டுக் கந்தக வாயு விடுகிறதாம். அதில் ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு. பள்ளிக்கூட லேபிலிருந்து எங்களை ஓடவிட்ட அதே அழுகின முட்டை! பல் இடுக்கில் நூலை விட்டு எடுத்து, என்னையே மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். சின்னவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

போதாததற்கு, தும்மலுக்கு நான் போடும் மாத்திரை எச்சிலை வற்றவைக்கிறதாம். எச்சில்தானே வாயைக் கழுவிவிடும் தண்ணீர். மணக்க மணக்கக் கொப்பளித்த நீலத் தண்ணியில் ஆல்கஹாலாம், அதுவும் உலர்த்துமாம். காசு கொடுத்துக் காயவிட்டிருக்கிறேன்.

இப்போது காலையும் ராத்திரியும் நாக்கு வழிப்பு, இடுக்கில் நூல். 10 நாளில் சின்னவள் மோந்து பார்த்து 'பாஸ்' போட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. "சுவத்தைப் பாத்துப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று என் பெண்டாட்டி 6 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் கழுவாததற்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறவள், இதை மட்டும் வாய் திறந்து சொன்னதே இல்லை.

நேற்று ராத்திரி தானாகவே என் பக்கம் திரும்பிப் படுத்தாள். நல்ல அசதி. வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டாள். வாய் திறந்து தூங்கினால் எச்சில் காய்ந்துபோகும் என்று டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அவள் பக்கம் சுவர், என் பக்கம் ஜன்னல். ஜன்னலைப் பார்த்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்று காலையில் சொல்லிவைத்திருக்கிறேன்.