முதலாளி எழுதிய புத்தகம்

எங்கள் ஜவ்வரிசி ஆலையில் ஆயுத பூஜைப் பொரியோடு முதலாளியின் சுயசரிதையையும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். முதல் பாதி முழுக்கக் குலதெய்வம், மாமனார் பெருமை, பிரமுகர்களோடு போட்டோ. தள்ளிவிடலாம்.

மரவள்ளிக் கிழங்கு கொள்முதல் அத்தியாயத்தில்தான் மனுசர் வேற ஆள். 1981-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வருவதற்கு முன்னால், ஜவ்வரிசிக்கு வியாபாரி சொன்னதே விலையாக இருந்த காலத்தில், ஒரு ஆலையில் எடை போடும் பையனாக இருந்திருக்கிறார். ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு லோடுக்கும் ஊர், மழை, மாவுச்சத்து பாயிண்ட் (கிழங்கில் மாவு எவ்வளவு என்கிற அளவு) மூன்றையும் பாக்கெட் டைரியில் குறித்து வைப்பாராம். கிழங்கை ஒடிக்கிற சத்தத்திலேயே பாயிண்ட் சொல்வாராம் (இது கொஞ்சம் ஓவர்). மழை பெய்தால் பாயிண்ட் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர்க் கிழங்கில் எவ்வளவு இறங்கும் என்பது அந்த டைரிக்குத்தான் தெரியும்.

அதே கணக்கெல்லாம் இப்போது தினமும் என் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஏறுகிறது. அக்கவுண்ட்ஸை விட்டுக் கொள்முதல் பக்கம் போகலாமா என்று ஆசை வந்துவிட்டது. இன்று மதியம் பாயிண்ட் பார்க்கும் அண்ணனிடம் போய் நின்றேன்.

"என்ன தம்பி, ஏசி ரூம்ல கரண்ட் இல்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். நாளைக் காலை முதல் லோடுக்கு வரச் சொல்லியிருக்கிறார், பழைய சட்டை போட்டுக்கொண்டு.