உதிராத ராகி குக்கீ: ஹுரிஹிட்டு சேர்த்ததும் கதை மாறியது

டிபன் பாக்ஸில் அடுக்கி, பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ ரயிலில் இடிபட்டு, ஆபீஸ் போய்த் திறந்தாலும் முழுசாக இருக்கிறது. முட்டை, பால், வெண்ணெய், கோதுமை எதுவும் இல்லாத ராகி குக்கீக்கு இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேண்டும்? ருசி முதலிலிருந்தே பரவாயில்லை. கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்வதுதான் தலைவலி.

உதிர்கிறது என்று சொன்னால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ஆளி விதையைக் கூட்டு. கூட்டிப் பாருங்கள், தெரியும். ஒரு அளவுக்கு மேல் போனால் நடுவில் பசை, ஓரத்தில் மணல். ஆளி விதைக் குழைவு தண்ணீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது, மாவுக்குத் தருவதில்லை. பச்சை ராகி மாவோ தவிட்டோடு அரைத்தது, தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். குக்கீ மாவில் தண்ணீரும் குறைவு, ஓவனில் இருக்கும் நேரமும் குறைவு. மாவுச்சத்து வெந்து குழைவதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும். உதிர்வது அந்த வேகாத மாவுதான்.

அதற்கு மருந்து பெங்களூரில் எல்லா காண்டிமென்ட்ஸ் கடையிலும் கிடைக்கிற ஹுரிஹிட்டு. ராகியை ஈரப்படுத்தி, சூட்டில் பொரித்து அரைத்தது. பொரியும்போதே மாவுச்சத்து வெந்துவிடுவதால், பச்சைத் தண்ணீர் பட்டாலே குழைந்து பிடித்துக்கொள்ளும். மொத்த ராகியில் மூன்றில் ஒரு பங்கு இது போதும். முழுக்க இதையே போட்டால் அண்ணத்தில் அப்பிக்கொண்டு விக்கல் வரும்.

ஆனால் வாங்குவதில் ஒரு வில்லங்கம். வெறும் ராகி மாவைச் சிவக்க வறுத்து, ஹுரிஹிட்டு என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். வாசனை அதே மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடுவோம். ஒரு டம்ளரில் கால் கப் பச்சைத் தண்ணீர் விட்டு, ஒரு மேஜைக்கரண்டி மாவைக் கலக்கி இரண்டு நிமிஷம் விடுங்கள். அசல் என்றால் கூழ் மாதிரி கெட்டிப்பட்டு, ஸ்பூன் இழுத்த தடம் கொஞ்ச நேரம் நிற்கும். வறுத்த மாவு அடியில் படிந்து மேலே பழுப்புத் தண்ணீர் நிற்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். சிலதில் பால் பவுடரும் சர்க்கரையும் கலந்திருக்கும், நமக்கு ஆகாது.

வீட்டிலேயே பொரிக்கலாம். கழுவி வடித்த ராகியைத் துணியில் பரப்பி, மேல் ஈரம் போய் உள் ஈரம் இருக்கும்போது, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரு கைப்பிடி மட்டும் போட்டுத் துணியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் போட்டால் சட்டி ஆறி, பொரியாமல் கருகும். மிக்ஸியில் அரைத்து இரண்டு தடவை சலித்துவிடுங்கள். பொரியாத மணிகள் பல்லில் கடிபடும்.

இப்போது நிலைத்துவிட்ட அளவு: ராகி மாவு 90 கிராம், ஹுரிஹிட்டு 45, ஓட்ஸ் 80 (பாதியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டது), மசித்த ஏலக்கி வாழைப்பழம் 120, துருவிய வெல்லம் 60, வேர்க்கடலை விழுது 60, தேங்காய் எண்ணெய் 35, பேக்கிங் பவுடர் 4, உப்பு 2, பூசணி விதையும் திராட்சையும் சேர்த்து 40. ஆளி விதைப் பொடி 14 கிராம்தான், 70 மில்லி வெந்நீரில் பதினைந்து நிமிஷம். கப் கணக்கு கேட்காதீர்கள். ஹுரிஹிட்டை அழுத்தி அளந்தால் ஒன்று, அள்ளி அளந்தால் ஒன்று. தராசு வேண்டும்.

வெல்லத்தில் மண் இருந்தால் அந்த 70 மில்லியில் 30ஐ எடுத்துக் கரைத்து வடிகட்டுங்கள். ஆளி விதையை மீதி 40 மில்லியில் தனியாக ஊறவிட்டு அப்புறம் சேருங்கள். வெல்லத் தண்ணீரில் அது சோம்பலாகத்தான் குழையும். ஏலக்கிக்குப் பதில் பச்சைப் பழம் (காய் இல்லை, ரொபஸ்டா வகை) என்றால் தண்ணீரில் 20 மில்லி குறைத்துவிடுங்கள். தோலில் கரும்புள்ளி வந்த ஏலக்கிதான் சரி.

எல்லாம் கலந்து மூடி, நாற்பது நிமிஷம் வெளியிலேயே வைக்கணும். இதை மட்டும் சுருக்கக் கூடாது. கலந்தவுடன் ஸ்பூனிலிருந்து வழிகிற மாவு, நாற்பது நிமிஷத்தில் உருட்டினால் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், டிசம்பரில் இந்த ஊரில் ஃபிரிட்ஜே தேவையில்லை. குளிர்ந்த பழத்தில் எண்ணெயை ஊற்றினால் வெள்ளைத் திட்டாகி, ஓவனில் உருகி வெளியே ஓடி, குக்கீயில் ஓட்டை ஓட்டையாக விழும்.

நாற்பது கிராம் உருண்டைகள், பதினைந்து வரும். இது தானாகப் பரவாது. ஈரம் தொட்ட டம்ளர் அடியால் ஒரு சென்டிமீட்டருக்கு அழுத்திவிடுங்கள். ஓடிஜி ஓவனில் மேல் கீழ் இரண்டு ராடும், 165 டிகிரி, நடுத்தட்டு, 18 நிமிஷம். ராகி முதலிலேயே கருப்பு என்பதால் மேல் நிறத்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. ஒன்றைக் கரண்டியால் நெம்பி அடியைப் பாருங்கள். பட்டர் பேப்பரில் ஈரத்தடம் விடாமல் வந்தால் எடுத்துவிடலாம். பத்து நிமிஷம் ட்ரேயிலேயே இருக்கட்டும். சூட்டில் தொட்டால் எந்த மாவானாலும் உடையும்.

சூரியகாந்தி விதையும் சமையல் சோடாவும் சேர்ந்தால் ஆறியபின் உள்ளே பச்சை நிறம் வரும். பூஞ்சை இல்லை, விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலத்தின் வேலை. சாப்பிடலாம், ஆனால் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லி மாளாது. அதனால்தான் பூசணி விதையும் பேக்கிங் பவுடரும்.

சீலியாக், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாத நோய், உள்ளவர்களுக்குச் செய்தால் கணக்கே வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் குளூட்டன் ஃப்ரீ என்று போட முடியாது. தெருமுனை மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே கல்லில் ராகியை அரைத்தால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு. சாதா ஓட்ஸும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்து வருவது, குளூட்டன் ஃப்ரீ லேபிள் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. லேபிள் ஓட்ஸே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அதனால் அடுத்தது ஓட்ஸுக்குப் பதில் கெட்டிச் சிவப்பு அவல். ஒன்றிரண்டாக உடைத்து, தண்ணீரில் 20 மில்லி கூட்டிய ஒரு தட்டு இப்போது ஊறிக்கொண்டிருக்கிறது, கலவை கொஞ்சம் இறுக்கமாகத் தெரிகிறது. அதற்குள் மனசு கார வகைக்குப் போய்விட்டது: வாழைப்பழத்துக்குப் பதில் வேகவைத்த சர்க்கரைவள்ளி, வெல்லம் கிடையாது, ஓமம், கறிவேப்பிலை, ஜனவரியில் அவரைக்காய் வந்ததும் பிதுக்கி வறுத்த பருப்பு. பெருங்காயம் போடுவதானால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும்.