அத்தை நேர்ந்த நடை

வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் வாக்குக் கொடுத்தவர் என் மாமியார். நடந்தது நான். அவர் பேரன், என் மகன், குறைமாதத்தில் பிறந்து, மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் அத்தை நேர்ந்துகொண்டது அது. பிள்ளை தேறினான், ஓடினான், பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்தது. அதற்குள் அத்தைக்கு இரண்டு முழங்காலும் விட்டுப்போயின. "நான் சொன்ன வார்த்தை அப்படியே நிக்குதும்மா. எனக்காக நீ போயிட்டு வர்றியா?" என்று ஒரு நாள் சாயங்கால செபம் முடிந்ததும் கேட்டார். அந்தக் குரலில் கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

கிளம்புகிற சேதி தெரிந்ததும் தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. மகளுக்கு வரன் அமையணும், கணவருக்குக் குடி நிற்கணும், அறுவை சிகிச்சை நல்லபடியா முடியணும் என்று ஆளுக்கொரு வேண்டுதல். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற பக்கத்து வீட்டு அக்காவும் மஞ்சள் துணியில் காசு முடிந்து கொடுத்து, "மாதா உண்டியல்ல போட்டுடும்மா, அவங்களுக்குத் தெரியும்" என்றார். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்கிற மாதிரி, தஞ்சாவூரிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டத்தோடு சேர்ந்தேன். காவிப் புடவை, கழுத்தில் செபமாலை, முன்னால் மாதா சப்பரம். அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று ஊர்கள் பின்னால் போயின. அத்தை செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்திருந்தார், அதனால் நானும் வெறுங்கால். ஆவணி வெயிலில் தார் ரோடு எப்படிக் காயும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டின் மேலே நடந்தால் சூடு கொஞ்சம் குறைவு. ஆனால் பஸ்ஸும் லாரியும் தோளை உரசிக்கொண்டு போகும். பாதயாத்திரைக் காலத்திலாவது அந்த ரோட்டில் வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைக்கக் கூடாதா? கைக்குழந்தையோடு நடக்கிற பெண்கள் எத்தனை பேர்!

வழியெல்லாம் மோர் கொடுத்தார்கள். பந்தல் போட்டுக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் திருநீறு பூசியவர்கள். "இன்னொரு டம்ளர் குடிங்கம்மா, தூரம் இருக்குல்ல" என்று வற்புறுத்திக் கொடுக்கும்போதெல்லாம் வேளாங்கண்ணி நடுத்திட்டில் மாதா காட்சி கொடுத்த, மோர் விற்ற கால் ஊனமான பையன்தான் நினைவுக்கு வந்தான். மாதா அவனிடம் தன் குழந்தைக்கு மோர் கேட்டு வாங்கினாள், பிறகு நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேதி சொல் என்றாள். அவனும் தன் கால் ஊனம் என்பதையே மறந்து ஓடினான். கொடுத்தவனுக்குக் கால் வந்தது. எனக்கு மோர் கொடுத்த கைகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது தாயே என்று ஒவ்வொரு பந்தலிலும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

திருவாரூர் தாண்டியதும் பாதக் கொப்புளம் உடைந்தது. ஒரு அடி வைத்தால் உச்சந்தலை வரை சுரீர் என்றது. கூட்டம் முன்னே போய்விட, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வருஷா வருஷம் நடக்கிற ஒரு பாட்டி திரும்பி வந்து, தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் காலில் கட்டினார். "எத்தனை மைல்னு பாக்காத. அடுத்த மணி எதுன்னு மட்டும் பாரு" என்று செபமாலையை என் கையில் திணித்து எழுப்பினார். அப்புறம் ஒரு மணிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டேன். தெருவில் கொடுத்த வேண்டுதல்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நர்சுகள், அங்கே பக்கத்துப் பெட்டியில் கிடந்த குழந்தை என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கீழ்வேளூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

வேளாங்கண்ணி எல்லையில் கால் வைத்ததும் ரூம் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்றாலும் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். மெழுகுவத்தியைக் கையில் திணித்துவிட்டு இரண்டு மடங்கு காசு கேட்கிறார்கள். நடந்து வந்த களைப்பில் நிற்கிறவர்களிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ! கோயில் வரிசையிலும் தள்ளுமுள்ளு. மலையாளம், தெலுங்கு, இந்தி, கொங்கணி என்று எத்தனை பாஷை! தள்ளுவதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பாஷை. பீடத்தருகே போயும் மாதாவுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்து வயிறு எரிந்தது.

பிறகு பீடத்துக்கு நேரே வந்தேன். கையில் பாலனோடு, நீலப்பட்டில் என் தாய்.

அத்தை சொல்லச் சொன்னது, தெருவில் கொடுத்தது எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று அத்தை நின்ற நிலைதான் கண் முன்னே வந்தது. எனக்கு என்ன வேண்டுவது என்றே தெரியாமல் இருந்தபோது, அத்தை சுவரில் தலையைச் சாய்த்து, "பேரனுக்கு மூச்சு பத்தலை தாயே" என்று மட்டும் சொன்னார். காப்பாற்று என்றுகூடச் சொல்லவில்லை. பைபிளில் வருகிற கானாவூர் கல்யாண வீட்டில் மாதா தன் மகன் இயேசுவிடம் சொன்னதும் அவ்வளவுதானே? "திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது." என்ன செய்ய வேண்டும் என்று அவள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குறையை மகன் காதில் போட்டாள், "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்று வேலைக்காரர்களிடம் சொல்லி நகர்ந்தாள். வீட்டில் தினமும் 53 மணி செபமாலை சொல்லிச் சொல்லி, அத்தையும் மாதா மாதிரியே வேண்டப் பழகியிருக்கிறார் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கும் ஒரு வரிதான் வந்தது. அத்தை சொல்கிற பழைய பிரார்த்தனையின் வரி: "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே." அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நகருங்க, நகருங்க" என்று பின்னால் சத்தம் கேட்டது. ஆனால் யார் கையும் என் மேல் படவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, அவ்வளவு நேரமும் அவள் கொடுத்தது.

வெளியே வந்ததும் அத்தைக்குப் போன் செய்தேன். முதல் கேள்வியே, "மாதாவுக்கு என்ன கலர் புடவை?" நீலம் என்றேன். "ம்ம்" என்றார், அப்புறம் அழுகைதான். அத்தை பிறந்தது 1962-இல். திருத்தந்தை 23-ஆம் யோவான் அந்தக் கோயிலைப் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தியதும் அந்த வருஷமே. "எனக்கும் கோயிலுக்கும் ஒரே வயசு" என்று அத்தை பெருமையாகச் சொல்வார்.

கொடியேற்றம் பார்த்தேன். நடுத்திட்டு மணல் பாதையில் முழங்காலிட்டுப் போனேன், அது அத்தையின் முழங்காலுக்காக. மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டேன். மகனுக்கு மொட்டை போட அவனையும் அத்தையையும் செப்டம்பர் 8 திருநாளுக்குக் காரில் அழைத்துப் போக வேண்டும், கணவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். பீடத்தில், புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் பதித்த பீங்கான் தட்டுகளைப் பேரனுக்குக் காட்டிப் புயல் கதை சொல்ல வேண்டும் என்று அத்தை இப்போதே ஒத்திகை பார்க்கிறார்.

மோர் கொடுத்தவர்களே, முந்தானை கிழித்த பாட்டியே, படுக்க வராந்தா திறந்துவிட்ட ஊர்க்காரர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். என் மகனின் ஒவ்வொரு மூச்சுக்கும் நன்றி தாயே. கேட்டதற்கு நன்றி, கேட்கத் தெரியாமல் நின்றபோதும் தந்ததற்கு நன்றி. மரியே வாழ்க!