வரலாற்று வகுப்பும் பால் வெட்டும் உளியும்

லண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கும் நம் பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுகூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வரலாற்று சாரிடம்தான் போய் நிற்குமாம். மலேசியாவில், பினாங்கிலேயே தங்கிவிட்ட எனக்கும் முதலில் வருவது அவர் முகம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு விவசாயப் புரட்சிப் பாடம் எடுத்தார். புத்தகத்தில் அது சில பக்கம். அவர் வாரக்கணக்கில் எடுத்தார்.

1701இல் இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் குதிரை இழுக்கும் விதைப்புக் கருவியைச் செய்தார் என்பது பாடத்தின் முதல் வரி. சார் அந்த வரியிலேயே நிறுத்திவிட்டார். வரிசையாக விதைக்கும் கருவி சீனத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இருந்தது, நெல் தூற்றும் விசிறிப் பெட்டியும் அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது என்றார். வகுப்பில் பாதிப் பேர் சீனப் பிள்ளைகள், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ராஜஸ்தானில் காளிபங்கன் என்ற இடத்தில் ஐயாயிரம் ஆண்டுக்கு நெருங்கிய பழைய உழுத வயல் ஒன்றைத் தோண்டி எடுத்ததைச் சொன்னார். நெடுக்கும் குறுக்குமாக உழுத சால்கள் அப்படியே இருந்தனவாம். எங்களுக்கும் நிமிர ஒன்று கிடைத்தது.

ஆனால் யார் முதலில் செய்தார்கள் என்பது அவருக்குப் பெரிதில்லை. ஏன் ஓரிடத்தில் யந்திரம் வந்தது, இன்னோர் இடத்தில் வரவில்லை என்பதுதான் அவர் கேள்வி. 1831இல் அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக் கதிர் அறுக்கும் யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அங்கே நிலம் கொட்டிக் கிடந்தது, அறுக்க ஆள் இல்லை. முற்றிய கோதுமையைச் சில நாட்களுக்குள் அறுக்காவிட்டால் உதிர்ந்துபோகும். அதனால் யந்திரத்தை ஆசையோடு வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தின் தென்பகுதியில் கூலிகள் கதிரடிக்கும் யந்திரங்களை அடித்து நொறுக்கியிருந்தார்கள். குளிர்காலம் முழுக்கக் கையால் கதிரடித்துச் சம்பாதித்த கூலியை அந்த யந்திரம் பிடுங்கிக்கொண்டது. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், நூற்றுக்கணக்கானோரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க அம்மா எதுல பால் வெட்டுறாங்க?"

"உளியில சார்."

"உங்க பாட்டி?"

"அதே மாதிரி உளிதான் சார்."

"ஏன்? டிராக்டர் வந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சே, உங்க தோட்டத்துல பால் வெட்ட மட்டும் ஏன் ஒண்ணும் வரலை?"

பால் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. நான் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. பிறையில் அத்தை வீட்டில் தங்கி, ஃபெரியில் கடல் தாண்டி வந்து படித்தவன். தோட்டத்து விஷயம் வகுப்பில் வரும் என்று நினைத்ததே இல்லை. அவரே பதில் சொன்னார். எங்கள் தோட்டம் இருந்த செபராங் பிறையில் ரப்பருக்கு முன்னால் கரும்பு இருந்தது. ஆலையில் கரும்பு பிழிய நீராவி யந்திரம் இருந்தது, வயலில் வெட்டவும் கொத்தவும் கப்பலில் வந்த தமிழர்கள் இருந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. தோட்டத்து மேற்பார்வையாளர் ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறையில் 1938வரை ஆள் வந்துகொண்டே இருந்தது. ஆள் மலிவாக இறங்கும் துறைமுகத்தில் எந்தத் துரை யந்திரம் வாங்குவான் என்றார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வாழ்க்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நான் டிராக்டரும் அறுவடை யந்திரமும் பழுது பார்க்கும் பட்டறை வேலைக்குப் போய், அதிலேயே ஓய்வும் பெற்றேன். சாரின் பதில் சரிதான், ஆனால் அதில் பாதி விட்டுப்போனது என்று அந்த வேலை காட்டியது. மறுபாதி மரத்திடம் இருக்கிறது. நெல்லும் கோதுமையும் அறுத்தால் முடிந்தது, தாளைப் பற்றி யந்திரம் கவலைப்பட வேண்டாம். பால் மரத்தை நாளை மறுநாளும் வெட்ட வேண்டும். பால் குழாய்கள் அதிகமாக இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், வளர் திசுவை ஒட்டி. அந்தத் திசுவில் உளி பட்டால் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. படாமல் நின்றால் பால் குறையும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து, மெல்லிய சீவல் மட்டும் எடுத்து, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களை அம்மா வெட்டி முடிப்பார். நெற்றியில் விளக்கு, காலடியில் இரத்தம் குடிக்கும் அட்டை. மரத்துக்கு மரம் பட்டையின் தடிமன் மாறும், அதை அவர் மணிக்கட்டு அறிந்திருந்தது. மின்சார உளிகள் பிற்பாடு வந்தன, சிலவற்றைக் கையில் பிடித்தும் பார்த்தேன். அவற்றையும் ஓர் ஆள்தான் மரத்துக்கு மரம் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி 1890களில் பட்டை சீவும் முறையை வகுத்தார். அடிப்படையில் இன்றைக்கும் அதே முறைதான்.

நெல்லில் நேர் எதிர். பக்கத்துக் கெடா மாநிலத்தில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் வந்ததும் ஆண்டுக்கு இரண்டு போகம் ஆனது. ஒன்றை அறுத்த கையோடு அடுத்ததை நட வேண்டும், நாள் போதவில்லை. கிளந்தானிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் அறுவடைக்கு ஆள் வந்தது, அதுவும் போதவில்லை. உள்ளங்கையில் மறையும் சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்த மலாய்க் கிராமங்களில் சில தலைமுறைக்குள் அரிவாளும் வந்து, அதன் பின்னால் பெரிய அறுவடை யந்திரமும் வந்துவிட்டது. ஆனால் கோதுமை வயலுக்காகச் செய்த அந்தப் பாரமான யந்திரங்களை நம் சேறு தாங்கவில்லை. புதைந்த யந்திரத்தை வெளியே இழுப்பதே எங்களுக்குப் பாதி வேலையாக இருந்தது.

எண்ணெய் எடுக்கும் செம்பனை இன்னொரு கதை. பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தூவிவிடுவது கை வேலையாக இருந்தது, தோட்டங்களில் ஆட்களை வைத்துச் செய்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையே இல்லாமல் போனது. யந்திரம் செய்யாததைப் பூச்சி செய்தது. வண்டைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் அந்தக் கைகள் அப்புறம் எங்கே போயின என்று எழுதுவதில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

குலை வெட்டுவது மட்டும் இன்றும் மனிதக் கை. மூங்கில் கழி அலுமினியக் கழியானது, சில தோட்டங்களில் மோட்டார் வைத்த வெட்டுக் கருவியும் வந்திருக்கிறது. நம் மக்கள் நகரத்துக்குப் போனபின் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அந்தக் கழியைப் பிடித்தார்கள். 2020இல் நோய்த்தொற்றால் எல்லை மூடியபோது ஆள் வரத்து நின்றது, பழம் வெட்டப்படாமல் அழுகியது. அதன் பிறகு யந்திரப் பேச்சு சூடாகிவிட்டது. சார் இருந்திருந்தால் மெக்கார்மிக் பாடத்தை மறுபடி எடுத்திருப்பார்.

பள்ளி மலர்க் குழுவுக்கும் அதைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலோர் ஸ்டார் பக்கம் குனுங் கெரியாங்கில் நெல்லுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. தோட்டத்துப் பொருட்களுக்கு நம் பள்ளியில் ஓர் அலமாரியாவது வேண்டும், தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். உளி, பால் பிடிக்கும் மங்கு, பால் வாளி, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, ஆள் வருகையைப் பதியும் பழைய செக்ரோல் தாள் எது இருந்தாலும், யார் எந்தத் தோட்டத்தில் பயன்படுத்தியது என்று எழுதி அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பச் செலவாகும் என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது என்னிடம் கொடுங்கள்.