பாதிக் கோப்பை

மார்ச் 3, திங்கள்

குடியை நிறுத்த வழி தேடுவதற்கும் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பின் உதவி எண் சுலபமாகவே கிடைத்தது. மூன்று முறை அழைத்து, மணி அடிக்கத் தொடங்கியதும் துண்டித்தேன். நாலாவது தடவை நான் துண்டிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ராங் நம்பர்" என்றேன்.

"பரவாயில்ல சார். நானும் முதல்ல அப்படித்தான் சொன்னேன்."

பேர் கேட்கவில்லை. தினமும் குடிக்கிறேனா, காலையில் கை நடுங்குமா என்று மட்டும் கேட்டார். நடுங்கும் என்றதும், "அப்ப நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. டாக்டரைப் பாத்துட்டு வாங்க, கூட்டம் எங்கயும் போயிடாது" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

ஒரே நாளில் பாட்டிலைத் தூக்கி எறிந்தவர்களின் வீரக்கதைகளை எத்தனை கேட்டிருப்போம்! டாக்டர் அதை ரசிக்கவில்லை. தினமும் மது அமுக்கி அமுக்கி, அதை எதிர்த்துத் தன்னை முடுக்கிக்கொண்டே பழகிய மூளை என்னுடையது. அமுக்கியது திடீரென விலகினால் அது தறிகெட்டு ஓடும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, நினைவு குழம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகு படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை.

மார்ச் 9, ஞாயிறு

வீடு. அக்கா என் அறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தாள். நான் ஒளித்து வைத்த ஐந்து பாட்டிலில் நான்கைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஐந்தாவதை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கொட்டும்போது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

கூட்டங்களில் திறந்தது, மூடியது என்று இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடியது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். இன்றையது திறந்த கூட்டம் என்பதால் அக்காவும் வந்தாள். மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன். "தம்பி, வேண்டாம்னா திரும்பிடலாம்" என்றாள். அப்படிச் சொன்னதால்தான் ஏறினேன். வற்புறுத்தியிருந்தால் சண்டை பிடித்து இறங்கியிருப்பேன்.

கிழிந்த சட்டையும் சிவந்த கண்ணுமாக ஒரு கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பன்னிரண்டு பேர். வங்கியில் வரிசையில் நிற்பவர்கள் போல இருந்தார்கள். ஒரு பெரியவர் காகிதக் கோப்பையில் காபி நீட்டினார். பாதிதான் இருந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். வாங்கினேன். கை ஆடியது. காபி விளிம்பு வரை ஏறி இறங்கியது, சிந்தவில்லை. பிறகுதான் உறைத்தது.

ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசினார்கள். குறுக்கே யாரும் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. ஒருவர் மகளின் பிறந்தநாளன்று காருக்குள்ளேயே தூங்கிப்போனதைச் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னது என் கதை, ஊரும் பேரும்தான் வேறு. உண்டியல் சுற்றி வந்தது. புதியவர் போட வேண்டாம் என்றார்கள். கட்டணமே கிடையாது, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதியாம்.

பெரியவர் ஏ.ஏ. தொடங்கிய கதையைச் சொன்னார். 1935 மே, அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை விட்டு ஐந்து மாதமே ஆன பில் வில்சன், தொழிலில் தோற்றுப்போய் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் இரைச்சல், மறுபக்கம் தொலைபேசி. தொலைபேசியின் பக்கம் போய், இன்னொரு குடிகாரரைத் தேடிப் பேசினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். 15 நிமிடம் என்று சொல்லி உட்கார்ந்த பாப், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தாராம்.

என் முறை வந்தபோது "கேட்க மட்டும் வந்தேன்" என்றேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

முழுக் கோப்பை. பேரும் சொன்னேன், அந்த வார்த்தையும் சொன்னேன். குடிக்கத் தோன்றும்போது நான்கைப் பார்க்கச் சொன்னார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கிறதே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

மார்ச் 22, சனி

நான்கும் சேர்ந்து வந்தன. குடித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

டாக்டருக்கு போன் செய்து சொன்னேன். நடுக்கம் கூடினால் உடனே வரச் சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். மத்தியானம் பாப் ஸ்மித்தைப் பற்றித் தேடிப் படித்தேன். பில்லைச் சந்தித்த பிறகு, ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் அவரும் சறுக்கியிருக்கிறார். திரும்பி வந்தபின் அறுவை சிகிச்சையன்று கை நடுங்காமலிருக்க பில்லே கொடுத்த பீர்தான் அவருடைய கடைசிக் குடி; 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக எண்ணுகிறது. பெரியவர் ஏன் இதைச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றே சாக்காக எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினேன். முகம் கழுவி, தலை வாரி, கை நடுக்கம்கூட இல்லாமல். பெரியவர் ஒரு நொடி பார்த்துவிட்டு ஊற்றினார். கோப்பையை வாங்கிப் பார்த்தேன். பாதி.

என் முறை வந்தது.

"இன்னிக்கு எனக்கு மூணாம் நாள்" என்றேன்.