ஆடி 18, கணினி 18

சிவகாசியில் நான் கணினி பராமரிக்கும் அச்சகங்களில் மிகப் பழையது ஒன்று உண்டு. முதலாளிக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. 2025 தை மாதம் அவர் எதிரே உட்கார்ந்து, விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்று சொன்னேன். அவர் ஆதரவு என்றால் என்ன என்று கேட்கவில்லை. மேசையில் இருந்த காலண்டரை எடுத்து அக்டோபர் பக்கத்தைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். இந்த நாளை யார் குறித்துக் கொடுத்தது தம்பி?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அவர் கேட்டது சரியான கேள்விதான். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. இவை வந்துகொண்டிருப்பதைத்தான் ஆதரவு என்கிறோம். ஓர் இயங்குதளத்தின் கடைசித் திருத்தம் வெளியாகும் நாளே அதன் முடிவு நாளாகவும் ஆகிவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி முடிந்த 2014 ஏப்ரல் 8 ஒரு செவ்வாய். அப்போது நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டில் ஏப்ரல் 24 வாக்குப்பதிவு. அச்சகத்தில் துண்டறிக்கை வேலை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கணினியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவார்கள். விண்டோஸ் 7 முடிந்த 2020 ஜனவரி 14உம் செவ்வாய், போகிப் பண்டிகை. பழையதைக் கழிக்கப் பொருத்தமான நாள்தான், ஆனால் அன்று அச்சகத்தில் ஆள் இல்லை. அடுத்தது இந்த 2025 அக்டோபர்.

சிவகாசி காலண்டர் தொழிலின் ஓட்டம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கி, டிசம்பர் வரை இயந்திரம் நிற்காது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு கணினியை அரை நாள் கழற்றி வைத்தாலும் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரரின் பெயர் அச்சாகாமல் போகும். ஆகவே என் நோட்டில் அக்டோபர் 14ஐ எழுதவே இல்லை. முதல் பக்கத்தில் "ஆடி 18" என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதற்குள் முடியாதது தை பிறந்த பிறகுதான்.

மொத்தம் பதினெட்டுக் கணினிகள், அது தவிர ஒரு சர்வர். ஆடி 18க்குள் கணினி 18. மனத்தில் நிற்க வசதியாக இருந்தது.

2014இல் நான் செய்த பிழை, கணினிகளை மட்டும் எண்ணியது. எத்தனை பெட்டி, என்ன பிராசஸர், எவ்வளவு நினைவகம் என்று அழகாக அட்டவணை போட்டேன். கணினி மாறிய மறுநாள்தான் அதன் முதுகில் தொங்கிய ஒவ்வொன்றும் குரல் கொடுத்தது. இம்முறை அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். "இது இல்லையென்றால் எந்த வேலை நிற்கும்?" என்ற ஒரே கேள்விதான். பில் போடும் பையனின் கணினியில் இருந்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பேரலல் போர்ட் வேண்டும். கணக்காளரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்குத் தனி டிரைவர் வேண்டும். அது ஓடாத மாதம் ஜிஎஸ்டி தாக்கல் தாமதமாகும். இவை என் அட்டவணையில் ஒருநாளும் ஏறியிருக்காது.

பிறகுதான் தரம் பிரித்தேன். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், நம்பகமானதை மட்டும் ஏற்றித் தொடங்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. ஏழு கணினிகள் எந்தச் சண்டையும் இல்லாமல் தேறின. இரண்டு தேறவில்லை என்று காட்டின, ஆனால் அது பொய்த் தோல்வி: டிபிஎம் உள்ளேயே இருந்தது, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள், வட்டும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. முழுப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மாற்றினேன். இந்த இரண்டுக்கும் புதிது வாங்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியலே கொடுத்திருந்தார்.

ஆறு கணினிகள் உண்மையிலேயே தேறாதவை. எல்லாம் ஆறாம், ஏழாம் தலைமுறை. வேகமான எஸ்எஸ்டி வட்டு போட்டபின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தவை. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. முதலாளியின் மகன் யூடியூபில் ஒரு வழி பார்த்துவிட்டு வந்தார்: விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் பதிவேட்டில் ஒரு வரி மாற்றினால் பழைய கணினியிலும் 11 ஏறிவிடும். ஏறும்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. திருத்தம் வருவதற்காகத்தானே இத்தனை பாடு? வீட்டில் விளையாட்டாகச் செய்து பாருங்கள், கணக்குப் பிரிவில் வேண்டாம் என்றேன். அவருக்கு என் மேல் ஒரு வாரம் வருத்தம்.

அடுத்து, பணம் கட்டி நீட்டிப்பு வாங்கலாமே என்ற பேச்சு. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை இலவசமாகவே நீட்டிக்க வழி வந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் பேச்சு தொடங்கியது. நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு. ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. இரண்டாம் ஆண்டு சேர்ந்தாலும் முதலாண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு 427 டாலர், நம் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல். முதலாளி தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "வட்டி மாதிரி இருக்கிறதே" என்று தாளை மடித்துவிட்டார். ஆறில் நான்குக்குப் புதிய பெட்டி வாங்கினோம். மற்ற இரண்டும் உண்மையில் யாருக்கும் தேவைப்படவில்லை என்பது அந்த அரை மணி நேர உட்காரலில் தெரிந்தது. ஒன்றில் பாட்டு மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சம் மூன்று. இந்த வேலையில் முக்கால் பங்கு நேரம் இவற்றுக்குத்தான் போயிற்று.

முதலாவது, கணினியிலிருந்து நேராக அச்சுப் பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்தோடு வந்த கணினி. விண்டோஸ் 7, பக்கத்தைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள், அதற்கு உரிமச் சாவியாகப் பின்னால் செருகிய ஒரு டாங்கிள். இயந்திரம் இன்னும் பத்தாண்டு உழைக்கும். விற்ற நிறுவனத்தைக் கேட்டால் புது ரிப் வாங்க வேண்டும் என்கிறார்கள். அந்த விலைக்கு அலுவலகக் கணினிகள் அனைத்தையும் மாற்றிவிடலாம். இரண்டாவது ஒரு ஸ்கேனர். பழைய ஓவியர்கள் வரைந்த சாமி படங்களின் ஃபிலிம்களை இன்னும் அதில்தான் எடுக்கிறார்கள். அதன் டிரைவர் 32 பிட் மட்டுமே. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. மூன்றாவது, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் ஓடும் கணினி.

பேஜ்மேக்கரைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் சிரிப்பார்கள். கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். ஆனால் இந்த அச்சகத்தின் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் கும்பாபிஷேக அழைப்புகளும் அதில்தான் இருக்கின்றன. அழைப்பு செய்யும் அக்கா அதில் இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறார். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். வேறு மென்பொருளில் ஒட்டினால் "திருவளர்ச்செல்வன்" ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். பேஜ்மேக்கரின் வாரிசான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை அதன் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பிந்தையவை திறப்பதில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நான் ஆரம்பித்ததும், "அதே ஊர், அதே தெரு, அதே குடும்பத்தில் அடுத்த பிள்ளைக்குக் கல்யாணம் என்று வருவார்கள் தம்பி. பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றினால் பத்து நிமிடம். நீங்கள் வந்து தட்டச்சு செய்து கொடுப்பீர்களா?" என்றார். பதில் இல்லை.

ஆகவே மூன்றையும் மாற்றவில்லை, ஒதுக்கினேன். தனி ஸ்விட்ச், இணையத்துக்கு வழியே கிடையாது. எதிர்ப்பக்கம் ஒரு விண்டோஸ் 11 கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, கோப்புகள் ஒரே ஒரு கோப்புறை வழியாக மட்டும் போய்வருமாறு செய்தேன். பென் டிரைவுக்குத் தடை. சுவரில் இருந்த பொது லேன் இணைப்பின் வாயில் சிவப்பு டேப் ஒட்டினேன். டேப்பைப் பிரிப்பவர் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று எழுதியும் வைத்தேன். மூன்றின் வட்டுகளையும் அப்படியே பிரதி எடுத்து, ஒரு பிரதி முதலாளி வீட்டு பீரோவில் இருக்கிறது. டாங்கிளுக்குப் பிரதி இல்லை. அது உடைந்தால் கதை வேறு. அதை முதலாளியிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

இப்படிப் பயப்படக் காரணம் 2017. அப்போதும் இங்கே இரண்டு எக்ஸ்பி கணினிகள் மிச்சமிருந்தன. மே 12ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவத் தொடங்கிய செய்தி வந்ததும், மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே போய் வலைக் கம்பிகளைப் பிடுங்கினேன். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவிய புழு அது. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, ஆனால் ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கு வரவில்லை. ஆதரவு முடிந்து மூன்றாண்டு கழித்து, விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் விட்டார்கள். ஞாயிறு முழுவதும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு இரவும் நான் தூங்கவுமில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஆனி மாதத்தில் ஒரு அடி விழுந்தது. டிசைனர்களின் கணினிகளை 11க்கு மாற்றிய மறுநாள் காலை, லட்சுமியும் முருகனும் காணவில்லை. சாமி படங்கள் அனைத்தும் ஒரு பழைய சேமிப்புப் பெட்டியில், கடவுச்சொல் இல்லாத பொதுக் கோப்புறையில் இருந்தன. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, கையொப்பமிடாத கோப்புப் பகிர்வையும் கடவுச்சொல் இல்லாத விருந்தாளி நுழைவையும் இயல்பாகவே மறுக்கும். பெட்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் திறக்கவில்லை. அந்தப் பாதுகாப்பைத் தளர்த்திவிட்டால் ஐந்து நிமிட வேலை. கை போகத்தான் பார்த்தது. செய்யவில்லை, படங்களை எல்லாம் சர்வருக்கு நகர்த்தினேன், இரண்டு நாள் ஆயிற்று. பெட்டியை ஏன் முன்பே எண்ணவில்லை என்று கேட்பீர்கள். யாருடைய பக்கத்தில் உட்கார்ந்தபோதும் அவர்கள் அதைப் பற்றிச் சொல்லவில்லை, ஏனென்றால் அது யாருடைய மேசையிலும் இல்லை. படிக்கட்டுக்கு அடியில், துடைப்பத்தின் பக்கத்தில் இருந்தது.

புதிய கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். பயாஸில் எதையாவது தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். இல்லாவிட்டால் தரவு போயிற்று. எல்லாச் சாவிகளையும் தாளில் அச்சடித்து உறையிலிட்டேன். கல்லாப்பெட்டியில் விபூதிப் பொட்டலத்துக்குக் கீழே இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்னால் வேலை முடிந்தது. ஆல்பம் வெளியானது. நானும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 14 அன்று பேஜ்மேக்கர் அக்கா ஃபோன் செய்தார். "இன்றைக்கு நின்றுவிடும் என்று சொன்னீர்களே, எல்லாம் ஓடுகிறதே?" அது விண்டோஸ் 7, நின்று ஐந்து வருடம் ஆயிற்று என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "அப்படியென்றால் இத்தனை நாளாக எதில் வேலை செய்துகொண்டிருக்கிறேன்?" என்றார்.

நேற்று முதலாளியைப் பார்த்து மிச்சத்தைச் சொன்னேன். சர்வரில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2016. அதற்கு 2027 ஜனவரி 12 வரைதான். பொங்கலுக்குச் சில நாள் முன்னால். இந்த ஆடிக்கு முன் பார்த்துவிடலாம் என்றேன். அவர் வழக்கம்போல் காலண்டரைத் தேடினார். 2027க்கான பஞ்சாங்கக் குறிப்பே இன்னும் அச்சகத்துக்கு வரவில்லை.

"அன்றைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்தான் அண்ணாச்சி."